ஓரமாய்ப் போன சைக்கிள்

காலையில் வாசல் தெளிக்கிற நேரத்தில் உங்கள் தெருவிலும் இந்தச் சத்தம் கேட்கும். பிள்ளை பையை மாட்டிக்கொண்டு சைக்கிளை உருட்டி ரோட்டில் இறக்கும். தாய்க்காரி வாசலில் நின்று, "ஓரமாப் போ" என்பாள். பிள்ளை திரும்பிப் பார்க்காது. "ஓரமாப் போன்னு சொல்றேன்ல" என்று இன்னொரு தடவை சத்தம் வரும். நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். பிரியத்தில்தான் சொல்லியிருப்பீர்கள்.

நான் என் பிள்ளைகளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானாகச் சொல்லுகிற பழக்கமும் எனக்குக் கிடையாது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க இந்த வயதிலும் கூச்சம். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது அஞ்சாவது வரைதான். ஆறாவதுக்குக் கொஞ்ச நாள் போனேன். அந்தக் கொஞ்ச நாளைப் பற்றித்தான் இது.

எங்கள் ஊர் ஆத்தூருக்கும் சின்னாளப்பட்டிக்கும் நடுவில், பஸ் ரோட்டை ஒட்டி இருந்தது. அப்பாவுக்குக் கொஞ்சம் மல்லிகை, கொஞ்சம் சின்ன வெங்காயம். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே மாமா காய்ச்சலில் போய்விட்டார். அத்தை பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு லேடீஸ் சைக்கிளும் கூட வந்தன. மாமா திண்டுக்கல்லில் பழசாக வாங்கி, அவரே ஓட்டப் பழக்கிவிட்ட சைக்கிள். சின்னாளப்பட்டி பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அத்தைக்குக் கிடைத்தது. அந்த சைக்கிளில்தான் போய்வந்தாள். எங்கள் பக்கத்தில் சைக்கிள் ஓட்டிய ஒரே பொம்பளை அவள்தான்.

அந்த சைக்கிளை இப்போது நினைத்தாலும் முதலில் வருவது வாசம்தான். செயினுக்கு அத்தை தேங்காயெண்ணெய் விடுவாள். வெயில் ஏறினால் சூடான எண்ணெயும் இரும்பும் கலந்து ஒரு வாசம் வரும். பெல்லின் மூடி தேய்ந்து வெள்ளி மாதிரி இருக்கும், ஆனால் கணீரென்று அடிக்காது, தொண்டை கட்டிய ஆள் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். கேரியர் கம்பி தொடையில் பதியாமல் இருக்க அத்தை ஒரு சாக்கை நாலாக மடித்துக் கட்டியிருந்தாள். அந்தக் கோடை லீவில் நான் அந்தச் சாக்கில்தான் பாதி நாள் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்குக் கோபம்.

"இவளத் தூக்கிக்கிட்டு எங்க கெளம்பிட்ட?"

"ஆறாவதுக்கு என் கூடத்தான மதினி வரப்போறா. ஒக்காந்து பழகட்டும். ஏ கழுத, கால வெளிய தள்ளி வையி. கம்பிக்குள்ள விட்டேன்னா வெரல எண்ணி எடுக்கணும்."

எங்கள் ஊரில் அஞ்சாவது வரைதான் பள்ளிக்கூடம். ஆறாவது படிக்க சின்னாளப்பட்டிக்குப் போக வேண்டும். பொம்பளைப் பிள்ளையை பஸ்ஸில் ஆம்பளைக் கூட்டத்தோடு அனுப்ப அப்பாவுக்கு மனசில்லை. அத்தை கூட்டிக்கொண்டு போவதாய்ச் சொன்ன பிறகுதான் சரி என்றார். அதனால் எனக்கு ஆறாவது என்றால் அந்த சைக்கிள்தான். அது ஓடினால் நான் படிப்பேன், நின்றால் நிற்பேன். இது அப்போதே எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி விஷயம் சீக்கிரம் தெரிந்துவிடும்.

அத்தை ஓட்டுகிற விதம் வேறு மாதிரி. எங்கள் ரோடு நடுவில் மட்டும் தார், இரண்டு பக்கமும் செம்மண். தார் முடிகிற இடம் மழையில் அரித்து அரித்துப் படி மாதிரி இறங்கியிருக்கும். மற்ற சைக்கிள்காரர்கள் அந்த விளிம்பிலேயே போவார்கள், பின்னால் ஹாரன் கேட்டால் மண்ணில் இறங்குவார்கள், பஸ் போனதும் ஏறுவார்கள். அத்தை விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே தள்ளித்தான் போவாள். டீக்கடை முன்னால் மாட்டு வண்டிகள் நின்றால், வண்டிக்கு வண்டி நடுவில் புகுந்து புகுந்து வரமாட்டாள். தூரத்திலேயே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள், கையை நீட்டுவாள், விலகி ஒரே நேராகப் போவாள்.

"ஏன் அத்தை, அவுகள்லாம் ஓரமாப் போறாக?"

"அவுகளுக்கு ரோடு சொந்தமில்லன்னு நெனப்பு. நமக்கு எம்புட்டு எடம் வேணும்? இந்த ஹேண்டில் பார் அகலம், அதுக்கு ரெண்டு பக்கமும் செத்த மூச்சு விட எடம். அம்புட்டுத்தான். அதையும் குடுத்துட்டா, பின்னால வாரவன் நம்மளக் கண்டுக்கவே மாட்டான்."

அவள் சொன்னது சரிதான். கேரியரில் இருந்து நான் பார்த்தேன். அத்தை உள்ளே தள்ளிப் போனால் பின்னால் வருகிற பஸ் வேகம் குறைத்து, எதிரில் வண்டி இல்லாத நேரம் பார்த்து, நன்றாக விலகிப் போகும். டிரைவர் முறைப்பார். முறைப்பதற்கு முகம் தெரிய வேண்டும், முகம் தெரிந்தால் அவருக்கும் நம்மைத் தெரிந்தது என்று அர்த்தம்.

வழியில் வாய்க்கால் மேல் ஒரு குறுகலான பாலம். பஸ்ஸும் சைக்கிளும் ஒன்றாகப் போக இடம் கிடையாது, ஆனால் போய்விடலாம் போலத் தோன்றும். அத்தை பாலத்துக்கு முன்னாலேயே திரும்பிப் பார்த்துவிட்டு நடுவில் ஏறுவாள். தாண்டுகிற வரை நடுவில்தான். தாண்டியதும் இடம் விடுவாள். பஸ் பின்னால் ஹாரனை அழுத்திக்கொண்டே வரும். அந்தச் சத்தம் என் முதுகெலும்பில் ஏறும். கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஏதாவது சொல்லிக்கொண்டே போவார். அத்தையின் முதுகில் ஒரு அசைவும் இருக்காது. ரவிக்கை மட்டும் வேர்வையில் ஒட்டியிருக்கும். அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

அந்த பஸ்ஸில்தான் அப்பாவின் பூக்கூடை திண்டுக்கல் போக வேண்டும். விடிகிறதற்கு முன்னால் பறித்த மல்லிகை மொட்டு, ஈரத் துணி மூடிய கூடையில் டீக்கடை வாசலில் காத்திருக்கும். மொட்டு விரிவதற்குள் மார்க்கெட்டில் இருந்தால்தான் பூவுக்கு மரியாதை. கூடையை பஸ் மேலே ஏற்ற கண்டக்டர் விசில் அடிக்காமல் செத்த நேரம் பொறுக்க வேண்டும். அவர் பொறுக்கவில்லை என்றால் அன்றைய பூ அன்றைக்கே போச்சு.

லீவு முடிகிற சமயம் ஒரு காலையில் நானும் அப்பாவோடு டீக்கடையில் நின்றிருந்தேன். பஸ் வந்தது. அப்பா கூடையைத் தூக்கினார். கண்டக்டர் இறங்காமல் படிக்கட்டிலேயே நின்றார்.

"ஒங்க தங்கச்சி ரோட்டப் பட்டா போட்டு வாங்கிருச்சாண்ணே?"

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார்.

"ஏம்ப்பா, என்ன ஆச்சு?"

"நடுப் பாலத்துல ஊர்கோலம் போகுது. நாங்க பின்னால சாமி தூக்குற மாதிரி வரவேண்டியிருக்கு. இப்படி லேட்டாப் போனா கூடை ஏத்தயெல்லாம் எங்களுக்கு நேரமில்லண்ணே, சொல்லிப்புட்டேன்."

டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "பொம்பள ஓரமா ஒதுங்கிப் போனாத்தான அழகு" என்றார். அவர் மோசமான மனுசன் இல்லை. எனக்குத் தினமும் ஒரு வர்க்கி சும்மா கொடுப்பவர்தான்.

உங்களுக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் பஸ் வந்தால் ரோட்டில் நடக்கிற பொம்பளைகள் மண்ணில் இறங்கி, வயலைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். புழுதிக்காக என்று சொல்வார்கள். புழுதி காரணம் என்றால் ஆம்பளைகளும் திரும்பி நின்றிருக்க வேண்டுமே. ஓரம் என்பது பெரியவர்களுக்கு அடக்கம். பத்திரம் எது, அடக்கம் எது என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்று என்று மனசார நம்பினார்கள்.

அன்றைக்கு மத்தியானம் அப்பா சோற்றில் கை வைத்துக்கொண்டு அத்தையைக் கூப்பிட்டார். வெஞ்சனம் கத்திரிக்காய். அதைத் தொடவே இல்லை.

"நீ இனிமே ஓரமாப் போகணும்."

"ஓரத்துல தாரு பேந்து கெடக்குண்ணே. சக்கரம் எறங்குனா ஏறாது."

"ஊர்ல எல்லாரும் அதுலதான போறான்? ஹாரன் கேட்டா எறங்கி நில்லு. கொறஞ்சா போயிருவ?"

"பிள்ளைய வச்சிருக்கேண்ணே பின்னால."

"அதுக்குத்தான் சொல்றேன். ஓரமாப் போறேன்னு சொல்லு, அவ ஆறாவது சேரட்டும். இல்லையா, ரெண்டு பேரும் வீட்ல இருங்க. எம் பூவு மேல மண்ணள்ளிப் போடாதீங்க."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். அம்மா எனக்குப் புது அலுமினியப் பெட்டி வாங்கி வைத்திருந்தாள், மூடியில் தாமரைப்பூ அச்சு. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம்தான் வீட்டில் கேட்டது.

"சரிண்ணே. ஓரமாவே போறேன்."

எழுந்து போகும்போது என் தலையில் குட்டினாள். "கொக்கி பிஞ்சுறப் போகுது கழுத" என்றாள்.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது. அதிலிருந்து நாங்கள் விளிம்பில் போனோம். அதே ரோடுதான், வேறு ஊருக்குப் போகிற மாதிரி இருந்தது. இடது கைப்பக்கம் கருவேல முள் முகத்தைத் தடவும். சக்கரத்துக்கடியில் ஜல்லி கரகரவென்று நகரும். ஹாரன் கேட்டால் மண்ணில் இறங்குவோம், அத்தை ஒரு காலை ஊன்றுவாள், நான் கேரியரைப் பிடித்துக்கொள்வேன். பஸ் வேகமே குறைக்காமல் காதை உரசிக்கொண்டு போகும். குறைக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை, நாங்கள்தான் வழி விட்டாயிற்றே. புழுதி அடங்கும்வரை நிற்போம். பல்லில் மண் நறநறக்கும். மறுபடி விளிம்பில் ஏற்றுவாள்.

முள் குத்தி அடிக்கடி பஞ்சர். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் வாசலில் நிற்பேன். டீச்சர், "ரோட்டுல வேடிக்க பாத்துக்கிட்டு வாறியா?" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் சைக்கிளின் தப்பாகிவிடும்.

கண்டக்டர் மட்டும் நல்லவராகிவிட்டார். எங்களைத் தாண்டும்போது படிக்கட்டில் இருந்து கை காட்டுவார். பூக்கூடையை அவரே இறங்கி ஏற்றினார் என்று அப்பா வீட்டில் வந்து சொன்னார். "பாத்தியா, சொன்னாக் கேட்டா எம்புட்டு நல்லாருக்கு" என்றார். அத்தை சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

நாங்கள் விழுந்த நாளுக்கு முதல் நாள் ராத்திரி மழை. காலையில் செம்மண் குழைந்து கிடந்தது. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பின்னாலிருந்து ஹாரன் வந்தது. அத்தை மண்ணில் இறக்கினாள். சக்கரம் புதைந்தது. பஸ் இன்னும் தூரத்தில்தான் இருந்தது, அதற்குள் ஏறிவிடலாம் என்று நினைத்தாளோ, நிற்க முடியாமல் போனதோ, ஹேண்டிலை ஒடித்தாள். முன் சக்கரம் தாரின் விளிம்பை உரசிக்கொண்டே ஓடியது. ஏறவில்லை. சரசரவென்று ஒரு சத்தம். சைக்கிள் இந்தப் பக்கம், ஆள் அந்தப் பக்கம் என்று ஆகிவிட்டது. நான் மண் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் சேற்றில் வழுக்கி விழுந்தேன். அத்தை ரோட்டுப் பக்கம் விழுந்தாள், தார் மேல், முட்டி முதலில் இடிக்க.

பஸ் ஒடித்துத் திரும்பியது. பிரேக் சத்தம் இப்போதும் சில சமயம் குக்கர் விசிலில் எனக்குக் கேட்கிறது. அத்தையின் தலைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என் பெட்டி கிடந்தது. பின் சக்கரம் அதன் மேல்தான் ஏறியது. தாமரைப்பூ அப்பளம் ஆனது.

அத்தை முதலில் என்னைத்தான் கேட்டாள். "ஏ கழுத, கால் வெரல் இருக்கா?" என்றாள். அப்புறம் மயங்கிவிட்டாள்.

கட்டு வைத்தியர் முட்டியில் முட்டை வெள்ளையும் துணியும் வைத்துக் கட்டினார். வீட்டுக்குள் பல நாள் அந்த வாடை இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள்.

"நடு ரோட்டுல போனா இப்படித்தான்."

"அன்னைக்கே கண்டக்டர் சொன்னாராம்ல?"

"பொம்பளைக்கு இம்புட்டு வீம்பு ஆகாதுத்தா."

அத்தை பாயில் படுத்துச் சுவரைப் பார்த்திருந்தாள். ரோட்டுப் பக்கம் விழுந்து கிடந்ததை பஸ்ஸில் இருந்த எல்லோரும் பார்த்திருந்தார்கள். நடு ரோட்டில் கிடந்தவள் நடு ரோட்டில்தான் போயிருப்பாள். அதற்கு மேல் யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் அம்மாவிடம் சொன்னேன். "ஓரமாத்தான்மா போனோம். ஓரத்துல போனதாலதான் விழுந்தோம்."

"சும்மா இரு. அத்தைக்குப் பரிஞ்சுக்கிட்டு வராத. ஒங்க அப்பா காதுல விழுந்துறாம."

அப்பா என்னைக் கேட்கவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். சாமான் கொண்டுபோன கூடையை யாரும் விசாரிப்பதில்லை, அதுபோலத்தான் நானும்.

சைக்கிளை அப்பா விற்றுவிட்டார். எடுத்துக்கொண்டு போனவர் பெல்லை அடித்துப் பார்த்து முகம் சுளித்தார். மடித்துக் கட்டியிருந்த சாக்கை மட்டும் அம்மா அவிழ்த்து வைத்துக்கொண்டாள், வெங்காயம் பரப்ப. நசுங்கிய பெட்டியின் மூடி கோழிக்கூடைக்கு மூடியானது. நான் பூ எடுக்கப் போனேன். அதற்கப்புறம் புத்தகம் தொடவில்லை.

அப்பாமேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அதற்கும் தெம்பு இல்லை. பூ விரிவதற்குள் மார்க்கெட் போக வேண்டிய மனுசன், ஒரு கண்டக்டரின் விசிலுக்குப் பயந்து வாழ்ந்தார். தங்கையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். நடு ரோட்டில் போனதால்தான் விழுந்தாள் என்று கடைசிவரை நம்பினார். அப்படி நம்பாவிட்டால் அவரால் தூங்கியிருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது.

அத்தை காலை இழுத்து இழுத்து நடந்தாள். பால்வாடிக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். என் கல்யாணத்தன்று எனக்குத் தலை பின்னிக்கொண்டே திடீரென்று, "நான் ஓரமாத்தான்டி போனேன்" என்றாள். "தெரியும் அத்தை" என்றேன். "ஒனக்குத் தெரியும்" என்றாள், பூவை வைத்தாள். அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிய ஒரே தடவை அது. அவள் போயும் வெகுகாலம் ஆகிவிட்டது.

இப்போது நான் திண்டுக்கல்லில் மகன் வீட்டில் இருக்கிறேன். வாசலில் பஸ் ரோடு. பக்கத்து வீட்டுப் பொம்பளைப் பிள்ளை எட்டாவது படிக்கிறது. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுகிறது. விடிந்ததும் பயிற்சி, சைக்கிளில் போகும். அதன் தாய்க்காரி வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொல்லுவாள். நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

போன மாசம் ஒரு நாள் அந்தப் பிள்ளை முழங்கையில் கட்டோடு வந்தது. சாயங்காலம் தண்ணீர் மோட்டார் போடுவது பற்றிக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே சத்தம்.

"நடு ரோட்டுல போயிருப்பா, வேறென்ன" என்று பிள்ளையின் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "நாளையிலேர்ந்து வேன்ல போகட்டும். சைக்கிளும் வேணாம், கபடியும் வேணாம்."

பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

அந்த மனுசனோடு நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரைப் பார்க்காமல் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏத்தா, நீ எங்குட்டுப் போன? ரோட்டுல எந்த எடத்துல?"

பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது. அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"ஓரமாத்தான் பெரியம்மா. பேக்கரி வாசல்ல கார் நின்னுச்சு. அத ஒட்டிப் போனேன். டக்குன்னு கதவத் தொறந்துட்டாங்க."

"பாத்தீகளா தம்பி" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "பிள்ள ஓரமாத்தான் போயிருக்கு. அதான் விழுந்துருக்கு. கதவு தொறக்குற தூரம் தள்ளிப் போகச் சொல்லுங்க. தார் முடியிற எடத்துல இருந்து ஒரு கை நீளம் உள்ள போகச் சொல்லுங்க. திரும்பிப் பாத்து, கை காட்டி, நேராப் போகட்டும். பின்னால வாரவன் செத்த நேரம் பொறுத்து வந்தா ஒண்ணும் கொறஞ்சுற மாட்டான். கபடிய நிறுத்தாதீக."

"ஒங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா பெரியம்மா?" என்று தாய்க்காரி கேட்டாள். கேலியா உண்மையா என்று தெரியவில்லை.

"ஓட்டத் தெரியாது. பின்னால ஒக்காந்திருக்கேன்" என்றேன். மோட்டார் பற்றிக் கேட்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் சைக்கிள் அவர்கள் படிக்கட்டுக்கடியில் நின்றது. நான் ஒவ்வொரு காலையும் அதைப் பார்ப்பேன், உள்ளே வந்துவிடுவேன். பேசியது வீண் என்று நினைத்துக்கொண்டேன். என் வயதில் நினைப்பதற்கு அது ஒன்றும் புதிதில்லை.

அப்புறம் ஒரு காலை வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். கட்டு அவிழ்த்த கையோடு பிள்ளை சைக்கிளை ரோட்டில் இறக்கியது. தாய்க்காரி வாசலில் நின்றாள். வழக்கம்போல வாயைத் திறந்தாள். என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"பாத்துப் போ" என்றாள்.

பிள்ளை பின்னால் திரும்பிப் பார்த்தது, கையை நீட்டியது. நின்றிருந்த வண்டிகளை விட்டு விலகி, தாரில் ஏறி, நேராக மிதித்தது. பின்னால் வந்த மினி பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

பிள்ளை இறங்கவில்லை. பஸ் வேகத்தைக் குறைத்தது.